படியளந்த கையே கள்ளும் ஊற்றினால்

1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்கள், துரைமார்கள் முன் ஒரு கோரிக்கைப் பட்டியலை வைத்தார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும். கொடுமைக்காரக் கிராணிகளை மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை வேண்டும். இவற்றுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது: தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும்.

கள்ளுக்கடை பற்றிய இந்தக் கோரிக்கையைப் பலரும் ஒழுக்கப் பிரசாரம் என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள். அது முழுக்க முழுக்கப் பொருளாதாரக் கோரிக்கை என்பது என் கருத்து. உலகப் போர் மூண்டு, விலைவாசி ஏறி, அரிசிக்குக் கப்பலை நம்பியிருந்த நாட்டில் கஞ்சிக்கே கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் அது. உழைப்பவனுக்குக் கள் ஒரு தெம்பு, ஒரு உணவு, ஒரு ஆறுதல் என்று நிர்வாகம் சொன்னது. அதைக் குடித்தவர்களின் கூட்டமே வேண்டாம் என்றது. யார் சொன்னது சரி? இந்தக் கேள்வியை உணர்ச்சிவசப்படாமல் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

பினாங்கிலிருந்து எழுதும்போது அந்தக் கடமை கூடுகிறது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதி கால் வைத்த முதல் மண் இதுதான். ஜெரஜாக் தீவில் தடுப்புக்காவல் முடிந்து, கங்காணிகளோடு செபராங் பிறைக்கும் கெடாவுக்கும் பேராக்குக்கும் அவர்கள் பிரிந்து போனார்கள். இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட், குயின் ஸ்திரீட் வட்டாரம், செட்டியார் கிட்டங்கிகளும் துணிக்கடைகளும் மளிகைக்கடைகளுமாகத் தழைத்ததில் தோட்டத்துக் கூலிப் பணத்துக்கும் பங்கு உண்டு. தீபாவளிக்குப் புடவை எடுக்க இங்கே வந்த குடும்பத்தின் கையில் எவ்வளவு மிஞ்சியது என்பதை, தோட்டத்திலேயே இருந்த கள்ளுக்கடையும் சேர்ந்துதான் முடிவு செய்தது.

ஏற்பாடு என்ன?

தோட்டத்துக் கள்ளுக்கடை திருட்டுத்தனமாக நடந்ததல்ல. அரசாங்க உரிமத்தோடு நிர்வாகமே நடத்தியது. தென்னையிலிருந்து இறக்கிய கள்ளை, வேலை முடிந்த பிறகு குறிப்பிட்ட நேரத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் விற்றார்கள். லாபம் கள்ளு நிதி என்ற தனிக் கணக்கில் சேர்ந்து, தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும் என்பது விதி. பட்டணங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகளும் இருந்தன.

ஒப்பீட்டுக்கு இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே பண்ணைகளில் அறுவடைக் காலத்தில் பீரும் ஆப்பிள் மதுவும் கூலியின் ஒரு பகுதியாகவே தரப்பட்டு வந்தன. 1887-இல் வந்த சட்டத் திருத்தம் அதைத் தடை செய்தது: பண்ணையாளுக்கு உணவு கொடுக்கலாம், குடியிருக்க வீடு கொடுக்கலாம், போதை தரும் பானத்தைக் கூலிக் கணக்கில் வைக்கக் கூடாது. மலாயாவில் கள் கூலியாகத் தரப்படவில்லை; கூலி கொடுத்து வாங்கப்பட்டது. சட்டத்தின் கண்ணில் இது பெரிய வேறுபாடு. சம்பள நாளன்று செக்ரோல் என்ற பதிவேட்டில் பெருவிரல் வைத்துக் காசு வாங்கியவர், அதில் ஒரு பங்கை அதே நிர்வாகத்தின் கடையில் கொடுக்கிறார் என்றால், வாழ்க்கைக் கணக்கில் வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல.

கள்ளின் பக்கத்து நியாயங்கள்

கள்ளுக்கடையை ஆதரித்தவர்கள் சொன்னதில் உண்மையே இல்லை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. அவற்றில் நான்கு நியாயங்கள் வலுவானவை.

முதலாவது, சம்சு பயம். கள் மென்மையான பானம். ஒரு நாளில் புளித்த தென்னங்கள்ளில் ஏறக்குறைய 4 முதல் 6 விழுக்காடுதான் சாராயச் சத்து. கடையை மூடினால் குடி நிற்காது, ரப்பர் காட்டுக்குள் காய்ச்சும் சம்சு என்ற கள்ளச் சாராயத்துக்கு மாறும் என்று நிர்வாகங்கள் எச்சரித்தன. இது வெறும் சாக்கல்ல. பின்னாளில் தோட்டப்புறங்களில் மலிவுச் சம்சு எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக எடுத்துச் சொல்லி வந்திருக்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்துப் பலர் மாண்டார்கள். இறக்கிய கள்ளில் அந்த ஆபத்து இல்லை.

இரண்டாவது, உடம்பின் களைப்பு. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் சேர்த்து, வாளி சுமந்து ஸ்டோருக்கு வருகிறவருக்கு மாலை ஒரு மணி நேரம் சக மனிதர்களோடு உட்காரும் இடம் தேவைப்பட்டது. தோட்டத்தில் அப்படி உட்கார வேறு இடங்கள் மிகக் குறைவு. முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் படையலில் கள் வைக்கும் வழக்கமும் ஊரிலிருந்தே வந்தது. அதைத் துரை திணித்தார் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, மரமேறியின் பிழைப்பு. தென்னம்பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, நுனியை மெல்லியதாகச் சீவி, காலையும் மாலையும் மரமேறிப் பானையை இறக்குவது கைத்திறன் மிக்க வேலை. பானையின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் பதநீர். பூசாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள். மறுநாள் தாண்டினால் புளித்துக் காடிக்குப் போகும். கெடும் பொருள் என்பதால் தூரத்திலிருந்து கொண்டுவர முடியாது. அந்தந்த வட்டாரத்து மரமேறிகளுக்கு அதனால் வேலை நிலைத்தது.

நான்காவது, கள்ளு நிதி. கோயில் திருவிழா, பந்து விளையாட்டு, பொழுதுபோக்கு என்று தொழிலாளருக்குத் திரும்பி வந்த பணம் அது. ஆனால் இந்த நியாயம் கொஞ்சம் உரசிப் பார்த்தாலே சாயம் போகிறது. தன் காசில் குடித்த தொழிலாளியின் காசே சுற்றிக்கொண்டு அவன் கோயில் பந்தலுக்கு வந்தது. நடுவில் அதை எதற்குச் செலவிடலாம் என்று முடிவு செய்தவர்கள் நிர்வாகத்தார். நிர்வாகம் தன் பையிலிருந்து செய்ய வேண்டிய நலப்பணிக்குக் குடிகாரன் நிதி கொடுத்தான் என்றால், அதை நலத்திட்டம் என்று எப்படி அழைப்பது?

பஞ்ச காலத்தில் கள் உணவாகுமா?

போர்க்காலத்தைப் பொறுத்தவரை நாம் கவனமாக ஆராய வேண்டியது உணவு வாதத்தைத்தான். கள்ளில் ஈஸ்ட் உண்டு, ஈஸ்டில் பி வகை வைட்டமின்கள் உண்டு, ஆகவே அரைவயிற்றுக் கூலிக்குக் கள் மருந்து என்பது அந்த வாதம். இதை எடைபோட மலாயாவிலேயே நடந்த அறிவியல் வேலை நமக்குப் பெரிதும் உதவுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. தீட்டிய வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்ட சீனச் சுரங்கத் தொழிலாளருக்கு அது கூடுதலாக வந்தது. அதே நாட்டில் அதே வெயிலில் உழைத்த தமிழருக்கு அரிதாகவே வந்தது. இந்த வேறுபாட்டை டாக்டர் பிராடன் கவனித்து, தமிழர் சாப்பிடும் புழுங்கல் அரிசியில் காரணம் இருக்கிறது என்று வாதிட்டார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-இல் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். 1907 முதல் மருத்துவ ஆய்வாளர்களான பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடம் அதையே சோதித்தார்கள். தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களிடையே நோய் வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு வரவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியை ஒட்டிய சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதால் இந்தப் பாதுகாப்பு. பிற்காலத்தில் அந்தச் சத்துக்குத் தயமின் என்று பெயர் வந்தது.

ஆக, தமிழ்த் தொழிலாளியைப் பெரிபெரியிலிருந்து காத்தது அவன் பாட்டி அவித்துக் காயவைத்துக் குத்தித் தந்த நெல் முறைதான். கள்ளுக்கடைக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க வேண்டியதில்லை. கள்ளில் தயமின் இருந்தாலும் உயிருள்ள ஈஸ்ட் அதை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. கூடவே சாராயச் சத்து, குடலில் தயமின் உறிஞ்சப்படுவதையே தடுக்கிறது. கள்ளின் சத்தைப் பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். இனிப்பு மாறாத இளங்கள்ளில் சர்க்கரையும் மற்றச் சத்துகளும் கொஞ்சம் உண்டு. ஒரு வேளைச் சோற்றுக்கு அது ஈடாகாது என்பதே என் முடிவு.

இன்னொரு கணக்கும் உண்டு. கள் இறக்கும் பாளையில் காய் பிடிக்காது. அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம், இந்தோசீனாவிலிருந்து வாங்கிச் சாப்பிட்ட நாடு மலாயா. 1941 டிசம்பரில் போர் நம் வாசலுக்கே வந்தது. 11-ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது. 19-ஆம் தேதி ஜப்பானியர் நுழைந்தனர். அதன்பின் மூன்றரை ஆண்டு மக்கள் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் சமையலுக்கும் விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும் தேங்காய் எண்ணெய் எவ்வளவு அருமையானது என்பதை அந்தத் தலைமுறையிடம் கேட்டவர்கள் அறிவார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு தென்னையை எதற்கு விடுவது என்பது குடும்பங்களின் உணவுக் கேள்வி. காய்க்கு விட்டால் வீடு முழுக்கச் சாப்பிடும். கள்ளுக்கு விட்டால் ஒருவர் மட்டும் குடிப்பார்.

அந்த ஒருவர் யார்? இதுதான் உணவு வாதத்தின் மிகப் பெரிய ஓட்டை. தோட்டத்தில் பெண்களும் பால்மரம் வெட்டினார்கள். ஆணுக்கு 50 காசு நாள்கூலி என்ற காலத்தில் பெண்ணுக்கு 40 காசு. பிரசவம், பிள்ளை, சமையல், தண்ணீர் எல்லாம் அவள் தலையில். சத்துக்குறைவால் முதலில் வாடும் உடம்பு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. கள்ளுக்கடைக்குப் போய்ச் சேரும் காசு பெரும்பாலும் ஆணின் வயிற்றில் முடிகிறது. கடையில் குடிக்கும் ஆணுக்கு மட்டும் எட்டுகிற சத்தை, குடும்பத்துக்கான உணவு உதவி என்று எந்த மருத்துவக் கணக்கும் ஏற்காது. கர்ப்பிணி குடித்தால் விளைவு இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குப் பதிலாக ஒயின் ஊற்றும் வழக்கம் இருந்தது. 1960-களில் சட்டம் தடுத்த பிறகும் பல்லாண்டுகள் அது ஓயவில்லை. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்த வட்டாரம் ஒன்று.

இங்கிலாந்தில் கேட்டது, மலாயாவில் மறுத்தது

முதல் உலகப் போரில் பார்லியையும் சர்க்கரையையும் மிச்சப்படுத்த பிரிட்டிஷ் அரசு பீர் உற்பத்தியை வெட்டியது. ஆண்டுக்கு சுமார் 3 கோடியே 60 லட்சம் பீப்பாயாக இருந்ததை 1917-இல் 1 கோடியாகக் குறைக்க முனைந்தது. தொழிலாளரிடையே எதிர்ப்பு கிளம்பியது. தொழில் அமைதியின்மை பற்றி அந்த ஆண்டே விசாரித்த ஆணையம், பீர்த் தட்டுப்பாட்டையும் மனக்குறைகளில் ஒன்றாகக் குறித்தது. கோடையிலும் அறுவடையிலும் உழைப்பவருக்குப் பீர் வேண்டும் என்ற குரலுக்கு அரசு இறங்கி வந்து, அந்தப் பருவத்துக்கு உற்பத்தியைக் கூட்ட அனுமதித்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தொழிலாளி பீர் கேட்டான், அரசு கேட்டுக்கொண்டது. இங்கே தொழிலாளி கள் வேண்டாம் என்றான், கடை மூடவில்லை. 1941 மே மாதம் கோரிக்கையாளரின் தலைவரான ஆர்.எச். நாதனைக் கைது செய்தார்கள். மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டபோது துருப்புகளை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். பீர் நல்லதா, கள் கெட்டதா என்ற கேள்வியை இந்த ஒப்பீடு பின்னுக்குத் தள்ளுகிறது. வாக்குரிமையும் சங்கமும் உள்ளவன் சொன்னதற்கு மதிப்பு கிடைத்தது. இவை இரண்டும் இல்லாதவன் எதைக் கேட்டாலும், வேண்டாம் என்று சொன்னாலும், அவன் நன்மை இன்னொருவர் கையில் இருந்தது.

தோட்டத்தில் வேலை கொடுப்பவர் துரை. கூலி கொடுப்பவரும் அவரே. அரிசி வருவது, லயத்தில் இடம் கிடைப்பது, பிள்ளை பள்ளிக்குப் போவது, காய்ச்சலுக்கு மருந்து கிடைப்பது எல்லாம் அவர் தயவு. அந்த வரிசையில் கள்ளும் சேர்ந்தபோது, தொழிலாளியின் பசியும் களைப்பும் மறதியும் ஒரே நிர்வாகத்தின் கைக்குள் வந்துவிட்டன. மாலையில் கள்ளுக்கடைக்குப் போகும் கூட்டம் சங்கக் கூட்டத்துக்குப் போவதில்லை என்பதை அன்றைய தொழிற்சங்கத்தார் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

கள்ளுப் பணத்தின் மீதான ஆசைக்கு அரசாங்கங்களும் விலக்கல்ல. சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபரில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கை, காங்கிரஸ் அமைச்சரவை விலகிய பிறகு சென்னை மாகாண நிர்வாகம் போரின் நடுவே கைவிட்டது. போர்க்காலத்தில் ஏழைக்குக் குடி தேவை என்று யார் சொன்னாலும், கள்ளுப் பணம் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டே நம்ப வேண்டும்.

தொண்டர் படையின் வலிமையும் பிழையும்

போர் முடிந்ததும் கள் எதிர்ப்பு புதிய வேகம் பெற்றது. கெடாவில் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. இந்திய தேசிய ராணுவத்தில் அணிவகுத்துப் பழகிய இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஜப்பானியர் கட்டிய சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அரிசி இன்னும் அரிதாக இருந்தது. இந்த நிலையில் கள்ளுக்கடை மட்டும் தடையின்றி நடப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீஸ் மறியலைக் கலைத்தபோது ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த வாரங்களில் கெடாவின் வேறு தோட்டங்களிலும் மோதல்களும் கைதுகளும் தொடர்ந்தன. கள் குடிக்காதே என்று சொன்னதற்காக மக்கள் அடிபட்டார்கள்.

நான் மதிக்கும் இயக்கம் அது. குடிப்பழக்கம் தமிழனின் ரத்தத்தில் ஊறியது என்று காலனி அதிகாரிகள் எழுதிவைத்ததைத் தொழிலாளிகளே முறியடித்துக் காட்டினார்கள். 1929-இல் பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயாவில் சுற்றியதும், பின்னர் சீர்திருத்தச் சங்கங்கள் வேரூன்றியதும் அதற்கு முன்பே நிலத்தை உழுது வைத்திருந்தன. மரியாதை, பள்ளி, சேமிப்பு, சங்கம் எல்லாம் ஒரே இழையில் கோக்கப்பட்டன.

ஆனாலும் அதன் பிழைகளையும் சொல்ல வேண்டும். குடித்தவரைப் பிடித்து ஊர் முன்னால் நிறுத்தித் தண்டித்த இடங்கள் உண்டு. துரையின் கட்டாயத்துக்கு எதிராக எழுந்த படை, தன் மக்கள் மீது இன்னொரு கட்டாயத்தை வைத்தது. குடும்பத்தின் வறுமைக்குக் குடிதான் காரணம் என்ற பேச்சு சீர்திருத்த மேடைகளில் ஓங்கியபோது, 50 காசுக் கூலி பின்னால் மறைந்துவிட்டது. பட்டணத்துப் படித்தவர்கள் தோட்டத்தானைப் பார்த்து, நீ குடிப்பதால்தான் முன்னேறவில்லை என்று சொல்லத் தொடங்கியதும் அங்கிருந்துதான். கூலியைப் பேசாமல் குடியை மட்டும் பேசியவர்கள் துரைமார்களுக்கு அறியாமலே உதவி செய்தார்கள். கடை மூடிய இடங்களில் அந்த மாலைப் பொழுதுக்கு வாசகசாலையோ விளையாட்டோ வராமல் போனபோது, அந்த வெற்றிடத்தில் சம்சு புகுந்தது.

தீர்ப்பு

எல்லாவற்றையும் தட்டில் வைத்தால் முடிவு தெளிவாகிறது. பானம் என்ற அளவில் கள் சம்சுவைவிட எவ்வளவோ மேல். மரமேறியின் திறன் காக்கப்பட வேண்டியது. களைத்த மனிதன் தன் காசில், தன் விருப்பத்தில் ஒரு கிண்ணம் குடிப்பது அவன் உரிமை. முதலாளி நடத்தும் ஏற்பாடு என்ற அளவில், அதுவும் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், தோட்டத்துக் கள்ளுக்கடை தவறு. உணவாக அது குறைபட்டது. பங்கீடாகப் பெண்ணையும் பிள்ளையையும் விட்டுவிட்டது. நலத்திட்டமாகத் தொழிலாளியின் பணத்தையே அவனுக்குத் திருப்பிக் காட்டியது. அதிகாரமாக அவன் வேண்டாம் என்று சொல்லும் வாயை அடைத்தது.

இந்த அளவுகோல் பழைய வரலாற்றோடு முடிவதில்லை. இன்று நம் நாட்டுத் தோட்டங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைக்கும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும் முதலாளி கொடுக்கும் அறையில் தங்கி, பல இடங்களில் முதலாளி சொல்லும் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அடைக்கப்பட்ட தங்கும் விடுதிகளில் அவர்களுக்கு எது உணவு, எவ்வளவு உணவு என்பதை அவர்களைத் தவிர எல்லோரும் முடிவு செய்தார்கள். நம் தாத்தா பாட்டிக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரும்போது லிட்டில் இந்தியாவின் வணிகர்களும் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் பேசாமல் இருக்கக் கூடாது. முதலாளி எதைக் கொடுத்தாலும் மூன்று கேள்விகளை உரக்கக் கேட்போம்: அதற்குப் பதிலாகக் கையில் காசு வாங்க உரிமை உண்டா? வேண்டாம் என்று சொன்னாலும் வேலை பத்திரமாக இருக்குமா? வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அது போய்ச் சேருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வராத எந்த ஏற்பாட்டையும், அது கள்ளானாலும் சோறானாலும், உழைப்பாளிக்குச் செய்த உபகாரம் என்று நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.